கூப்பன் கார்டில் எழுதியிருந்த வயது

என் அடையாளக் கார்டில் இருக்கும் வயது என் வயது அல்ல. பன்னிரண்டு வருஷம் கூடுதலாக எழுதியிருக்கிறது. கோவிலில் மூத்தவர்களுக்குச் சேலை கொடுக்கிறார்கள் என்றால் என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். எனக்கு முன்னால் நிற்க வேண்டியவர்கள் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். கூட்டத்தில் வாய் திறந்து பேச எனக்கு எப்போதுமே வராது. பேச வராததை எழுதிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா மலாயாவில், கிள்ளானில் ரயில் தண்டவாள மேஸ்திரி. கித்தா விலை ஏறிக் கிடந்த காலத்தில் மேரு ரோட்டில் மூன்றாங்கட்டை மைல்கல்லுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் கித்தாத் தோட்டம் வாங்கினார். ரப்பரை எங்கள் பக்கத்தில் கித்தா என்றுதான் சொல்வோம். வாங்குகிற நேரத்தில் ஒரு தரகர், "சர்க்கார் சம்பளம் வாங்குறவன் பேர்ல தோட்டம் இருக்கக் கூடாது மேஸ்திரி, தெரிஞ்சா வேலை போயிடும்" என்று பயமுறுத்திவிட்டார். அது உண்மையா என்று அப்பா யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தோட்டம் வாங்கப்போவது வெளியே தெரிந்துவிடுமே என்ற பயம்.

"சம்சாரம் பேர்ல எழுதலாமா?"

"சம்சாரம் பேர்ல இருந்தாலும் ஒம் பேர்ல இருந்தாலும் ஒண்ணுதான்."

அப்போது எனக்கு ஆறு வயது. நான் பிறந்த மாதத்தில்தான் அப்பாவுக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது. அதனால் வீட்டில் நான் ராசிக்காரி. புது மண்வெட்டி வந்தாலும் என் கையைத் தொடவைத்துத்தான் எடுத்துப் போவார். தோட்டத்தையும் என் பேரிலேயே எழுதிவிடலாம் என்று முடிவாயிற்று. ஆனால் சின்னப் பிள்ளை பேரில் கிராண்ட், அதாவது நிலப் பத்திரம், எழுத மாட்டார்கள். "பதினெட்டுன்னு போட்டுட்டாப் போச்சு, யாரு வந்து பல்லப் புடிச்சுப் பாக்கப் போறா?" என்றாராம் தரகர். நில ஆபீசுக்கு வெளியே ஒரு மரத்தடியில் அம்மா இடுப்பில் நான் இருந்தேன். தரகர் என் பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார். மை போகவில்லை என்று நான் அழுததாகவும், அப்பா எனக்கு ஒரு கட்டி அச்சுவெல்லம் வாங்கிக் கொடுத்ததாகவும் அம்மா சொல்வார். எனக்கு வெல்லம் ஞாபகம் இருக்கிறது. மை ஞாபகம் இல்லை.

பிறகு கித்தா விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். ரயிலிலும் ஆள் குறைத்தபோது அப்பாவுக்கும் சீட்டு வந்தது. எங்களோடு ரயில்வே கொடுத்த லைன் வீட்டில் இருந்தவர்கள் பலர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். தோட்டம் இருக்கிறது என்று நாங்கள் போகவில்லை. லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, மரங்களுக்கு நடுவில் ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசை போட்டுக்கொண்டோம். மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள், ஒரு தம்பி.

எனக்குப் பதினான்கு வயதாகும்போது கூப்பன் வந்தது. அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. விலை மறுபடியும் விழாமல் இருக்க, ஒவ்வொரு தோட்டக்காரரும் இவ்வளவு கித்தாதான் விற்கலாம் என்று சர்க்கார் ஓர் அளவு வைத்தது. ஆபீசர் வந்து மரங்களை எண்ணிப் பார்த்து அளவு போடுவார். அந்த அளவை அச்சடித்துக் கொடுக்கிற சீட்டுதான் கூப்பன். கூப்பன் இல்லாத கித்தாவைக் கடைக்காரர் கையால்கூடத் தொட மாட்டார். ஆனால் கித்தா இல்லாத கூப்பனைத் தொடுவார்! பெரிய ஆட்களுக்கு அளவுக்கு மேல் கித்தா இருந்தது, அவர்களுக்குக் கூப்பன் வேண்டும். ஆகவே மரத்தில் கத்தி வைக்காமலே, கூப்பனை மட்டும் கடையில் கொடுத்துக் காசு வாங்கலாம். மரம் நின்றால் போதும்.

அப்பாவுக்கு இதை நம்பவே முடியவில்லை. "சும்மா நிக்கிற மரத்துக்குச் சர்க்கார் படியளக்குது பாரேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வேலை போனபிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

அடுத்த வாரம் கிள்ளானில் பங்களாவாசல் பக்கம் மனு எழுதிக் கொடுக்கிற எழுத்துக்காரரிடம் போய்வந்தார். சிரிப்பு போய்விட்டது. கிராண்டில் யார் பேர் இருக்கிறதோ அந்த ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கார்டும் கூப்பனும் கொடுப்பார்களாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை.

"பாப்பாவ எப்படிங்க கூட்டிட்டுப் போறது? கிராண்டுப்படி அவளுக்கு இருபத்தாறு" என்றார் அம்மா.

"அதுக்குத்தான் ஒஞ்சேலை இருக்கே."

அம்மாவின் காப்பிக்கொட்டை நிறச் சேலையை எனக்குக் கட்டிவிட்டார்கள். எனக்கு உயரம் போதாது. இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துச் சொருகினார் அம்மா. சடையைப் பிரித்துக் கொண்டை போட்டார். கொண்டைக்குள் பழைய துணியை உருட்டி வைத்தார். தங்கச்சிகள் இரண்டு பேரும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, "பெரியம்மா, பெரியம்மா, எப்ப வந்தீங்க?" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். ஆபீஸ் படியில் சேலை தடுக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

நில ஆபீசில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த கிராணி, அதாவது குமாஸ்தா, ஒரு சிலோன்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றியில் திருநீறு. பழைய பைலை எடுத்துப் பிரித்தார். அதில் என் பெருவிரல் ரேகை இருந்தது. புளியங்கொட்டை அளவு. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"எழுதத் தெரியுமோ பிள்ளை?"

நான் தலையசைத்தேன்.

"அப்ப ரேகை வேண்டாம். கையெழுத்தை வையும்."

அவ்வளவுதான் கேட்டார். நான் தமிழில் என் பேரை எழுதினேன். அவர் கார்டில் இருபத்தாறு என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

மேரு ரோட்டுச் சீனர் கடையில்தான் கூப்பனைக் கொடுப்போம். கடைக்காரர் தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் தடவை கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "அய்யோ, பாட்டி வந்தாச்சு! பாட்டிக்கு நாற்காலி போடு!" அதன்பிறகு நான் உப்பு வாங்கப் போனாலும், "என்னா பாட்டி, பல்லு எல்லாம் இருக்கா?" என்பார். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். ஆனால் கடையில் நிற்கிற எல்லாருக்கும் அது கேட்கும்.

ஒரு வருஷம் போனபிறகு நான் அப்பாவிடம் கேட்டேன். "உங்க பேருக்கு மாத்திக்கிங்கப்பா. இப்பதான் ரயில் வேலை இல்லயே."

"மாத்தணும்னா சூராட் பெரானாக் கேப்பாங்க பாப்பா."

சூராட் பெரானாக் என்றால் பிறப்புப் பத்திரம். எனக்கு அது இருந்தது. லைன் வீட்டில் பிறந்ததால் ரயில் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் எழுதி வாங்கிக் கொடுத்தது. அதில் என் வயது சரியாக இருந்தது. அதைக் காட்டினால் கிராண்ட் பொய் என்று தெரிந்துவிடும். தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவை ஜெயிலில் போடுவார்கள் என்று எழுத்துக்காரர் சொல்லியிருந்தார். கிராண்ட் தகரப் பெட்டியில் இருந்தது. சூராட் பெரானாக்கை அதே பெட்டியில் வைக்கவே அப்பா பயந்தார். அதை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தார். நான் தினமும் விளக்கேற்றுகிற இடம்.

நாட்கள் ஒரே மாதிரி போயின. பால் எடுக்க மரங்களை யாரும் சீவவில்லை. வெட்டவும் கூடாது, எண்ணிக்கை குறைந்துவிடும். லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்தது. அப்பா வேலை தேடுவதை விட்டுவிட்டார். காலையில் எழுந்து மரங்களை எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். நான் எங்கேயும் வேலைக்குப் போக முடியாது. கூப்பன் நாளில் நான் இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு தடவை காய்ச்சலில் கிடந்தபோதும் ரிக்‌ஷாவில் வைத்து அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் அம்மா என் கொண்டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

பதினேழாவது வயதில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை ரயில்வே ஸ்டோரில் சாமான்களுக்கு அட்டை எழுதிக் கட்டுகிற வேலை. இருபத்துநான்கு வயது. முதலில் அவரும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கையப் பாரு, காய்ப்பு காய்ச்சிருக்கு. வேலை செய்யுற புள்ள" என்றார். மாப்பிள்ளை தலையைத் தூக்காமல் கோப்பியைக் குடித்தார். என்னைவிடக் கூச்சக்காரராக இருந்தார். போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "உங்களுக்குப் படிக்கத் தெரியும்னாங்க" என்றார்.

"தெரியும்."

"எங்க லைனுக்குப் பக்கத்துல வாசகசாலை இருக்கு. பொம்பளைங்களுக்கும் புத்தகம் வீட்டுக்குக் குடுக்குறாங்க."

அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அவர்கள் வீட்டு வாசலில் பைப் தண்ணீர் உண்டு என்று அவர் அம்மா சொல்லியிருந்தார். நான் இரண்டு வாரம் அந்தப் பைப்பையும் அந்தப் புத்தகங்களையும் நினைத்துக்கொண்டே கிணற்றில் தண்ணீர் இறைத்தேன். யாரும் என்னைப் பாட்டி என்று கூப்பிடாத தெரு ஒன்று இருக்கிறது. ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

அம்மாவும் அப்பாவும் கூப்பன் நாளைப் பற்றி மெல்லப் பேசிக்கொண்டார்கள். "கூப்பன் நாளைக்கு மட்டும் அனுப்பி வைக்கச் சொல்லிக் கேட்டுக்குவோம்" என்றார் அம்மா. அப்பாவும் சரி என்றார்.

இரண்டாம் தடவை நிச்சயம் பேச வந்தபோது மாப்பிள்ளையின் தாய்மாமனும் கூட வந்தார். ரயில்வே ஆபீசில் பைல் பார்க்கிற வேலை, கோட்டுப் போட்டிருந்தார். தாம்பூலத் தட்டு நடுவில் இருந்தது. பழம், வெற்றிலை எல்லாம் வைத்தாகிவிட்டது. தட்டை மாற்றுவதற்கு முன்னால் மாமன், "பொண்ணு பேர்ல தோட்டம் இருக்காமே, கூப்பன் வருதாமே. அந்தக் கார்டக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார்.

அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை. வயது எழுதியிருப்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவருக்கு அந்தக் கார்டு முழுவதும் ஒரே முத்திரைதான். எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மாமன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். விரல் விட்டு எண்ணினார்.

"கார்டு குடுத்தப்ப இருபத்தாறு. அது ஆச்சு மூணு வருஷம். அப்பப் பொண்ணுக்கு இப்ப இருபத்தொம்பது."

"என்னாது?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "பதினேழுன்னீங்களே!"

"அது வந்துங்க, அது ஆபீஸ்ல எழுதுனது" என்று அம்மா ஆரம்பித்தார்.

மாமன் கையைக் காட்டி நிறுத்தினார். "ஆபீஸ்ல சும்மா எழுத மாட்டாங்கம்மா. நானும் ஆபீஸ்லதான் இருக்கேன். இது பொய்யின்னா கிராண்டும் பொய். நாளைக்குக் கேஸ் கீஸ்னு வந்தா, எங்க பையன் சர்க்கார் வேலையில இருக்கான். அதனால கேக்குறேன். மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. கார்டு சரியா, நீங்க சொன்ன வயசு சரியா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா எழுந்தார். முருகன் படத்தைப் பார்த்து இரண்டடி வைத்தார். அந்தப் பத்திரத்தை எடுத்து வைத்தால் என் வயது தெரிந்துவிடும். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்படியே நின்றார். திரியைத் தூண்டிவிட வந்தவர் போல விளக்கைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

அப்பா சொன்னார்: "கார்டுல இருக்கிறதுதாங்க சரி. சர்க்கார் பேப்பர் பொய் சொல்லுமா?"

மாப்பிள்ளை கதவுப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பார்த்தால் தெரியாதா, பதினேழா இருபத்தொன்பதா என்று? தெரிந்திருக்கும். ஆனால் அவரும் வாய் திறக்கவில்லை. அவர் அம்மா கொண்டுவந்த வெற்றிலையைத் திரும்ப மடியில் கட்டிக்கொண்டார். "எம்மவனுக்கு அக்கா ஒருத்தி இருந்தா இந்த வயசுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் அம்மா அப்பாவிடம் போனார். "நான் எப்பப் பெத்தேன்னு எனக்குத் தெரியாதா? ஒத்த வார்த்தையில எம்புள்ளையக் கிழவி ஆக்கிட்டீங்களே!"

"அரிசிப் பானையத் தொறந்து பாரு. பாத்துட்டு வந்து பேசு."

அம்மா பானையைத் திறக்கவில்லை. அதில் எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்பா எழுந்து மரங்களை எண்ணப் போய்விட்டார்.

அடுத்த கூப்பன் நாளன்று விடிவதற்குள் எழுந்து, முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டுச் சூராட் பெரானாக்கை எடுத்தேன். நாலாக மடித்து இடுப்பில் சொருகி, மேலே சேலையைக் கட்டிக்கொண்டேன். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். எனக்குப் பதினேழு. எனக்குப் பதினேழுதான் ஐயா. என்ன ஆனாலும் ஆகட்டும். தோட்டம் போனால் போகட்டும், வேறு தோட்டத்தில் மரம் சீவுகிற வேலைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். ரயில் வேலையில் வளைந்த முதுகு.

ஆபீசில் அப்பா எப்போதும் உள்ளே வர மாட்டார், வெளியில் மரத்தடியில் நிற்பார். என் முறை வந்தது. கிராணி கார்டை வாங்கிப் புத்தகத்தைத் திருப்பினார்.

"எனக்குப் பதினேழு" என்றேன்.

சத்தமே வரவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். என் கை இடுப்புக்குப் போனதையும் பார்த்தார்.

"பிள்ளை, அதை எனக்குக் காட்டாதையும்."

என் கை இடுப்பிலேயே இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீர் முதல்நாள் சீலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தபோதே எனக்கு விளங்கினது. நான் ஒண்டும் பார்க்கேல்லை. பார்த்தால் எழுத வேணும். எழுதினால் துரை மேசைக்குப் போகும். பிறகு என்ரை கையிலை ஒண்டுமில்லை. உங்கடை அப்பா வெளியிலைதான் நிக்கிறாரோ?"

"ம்."

"இப்ப சொல்லும். எழுதட்டோ?"

கேட்டுவிட்டார். மூன்று வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காததை அவர் கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். பின்னால் நின்ற மலாய்க்காரர் ஒருவர், "செப்பாட் லா, செப்பாட் லா" என்று அவசரப்படுத்தினார். ஜன்னல் வழியாக அப்பா தெரிந்தார். குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே யார் போனாலும் வந்தாலும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று சொல்ல மாட்டேன். கோபம்தான் இருந்தது. ஆனால் ஜெயில் என்று நினைத்தபோது அந்த எட்டிப் பார்க்கிற தலைதான் கண்ணில் பட்டது. பானையும் தெரிந்தது. தங்கச்சிகள் இரண்டு பேரும் அதைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கிராணி மை ஒற்றும் காகிதத்தை அதன்மேல் வைத்து அழுத்தினார். என்னைப் பார்க்காமலே, "போயிட்டு வாரும்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா, "என்னா இவ்ளோ நேரம்? ஏதும் கேட்டானா?" என்றார்.

"ஒண்ணும் கேக்கல."

இரண்டாங்கட்டை தாண்டியபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. அப்பா கூப்பன் உறையை என் கையில் கொடுத்து, "நெஞ்சோட அணைச்சுப் புடி பாப்பா, நனைஞ்சா கடைக்காரன் வாங்க மாட்டான்" என்று குடையை அந்தக் கைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு வந்தார். அவரும் முழுக்க நனைந்தார். எனக்குக் கைகளும் நெஞ்சும் மட்டும் நனையவில்லை. இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஓடியது. இடுப்பில் என்ன இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது? குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடியுங்கள் என்றால், ஏன் என்று கேட்பார். ஒரு கட்டை தூரமும் பேசாமல் நடந்தேன்.

வீட்டில் சேலையை மாற்றும்போது அதை எடுத்துப் பிரித்தேன். அச்சடித்த எழுத்துகள் எல்லாம் அப்படியே இருந்தன. டிரெஸ்ஸர் மையில் எழுதியதுதான் கரைந்து போயிருந்தது. தேதி இருந்த இடத்தில் நீலக் கறை. வருஷம் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய கறை. பல வருஷம் கழித்து அடையாளக் கார்டு எழுத ஆட்கள் வந்த காலத்தில் அந்தக் காகிதத்தைக் காட்டிப் பிரயோசனம் இருக்கவில்லை. கிராண்டைக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். அதற்குள் ஜப்பான்காரன் வந்து போய்விட்டான். கூப்பனும் இல்லை, அப்பாவும் இல்லை. மனைவியைப் பறிகொடுத்த ஒருவருக்கு என்னைக் கொடுத்திருந்தார்கள். பேப்பர் எதுவும் கேட்காதவர்.

அன்று அம்மா என் கையிலிருந்து அதை வாங்கினார். ஏன் எடுத்தாய், எங்கே கொண்டுபோனாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. அடுப்புக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காயவைத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. காய்ந்ததும் என்னிடம் நீட்டினார்.

"என்னா மிச்சம் இருக்குன்னு பாரு."

"எம்பேரு மட்டும் இருக்கும்மா."

அம்மா அதை மறுபடியும் முருகன் படத்துக்குப் பின்னால் சொருகினார்.